கரண்டுக்கும் கடிகாரம் வருகிறது! உங்கள் மீட்டர் எங்கே?



காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பனியனுக்குக் காலையில் ஒரு விலை, கடை அடைக்கும் நேரத்தில் ஒரு விலை. தென்னம்பாளையம் சந்தையில் தக்காளிக்கு விடியலில் ஒரு விலை, வெயில் ஏறியபின் ஒரு விலை. சரக்கு குவிந்தால் விலை இறங்கும், தட்டினால் ஏறும். இந்தப் பாடத்தை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக நீங்கள் பிழைப்பதே இதில்தான்.

அதே வியாபாரம் இப்போது கரண்டுக்கும் வந்துகொண்டிருக்கிறது. பகலில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை! மணி பார்த்துக் கட்டணம்! தொழிற்சாலைகளுக்கு ஏற்கனவே வந்துவிட்டது. வீடுகளுக்கும் கொண்டுவர வேண்டும் என்று மத்திய அரசு விதியே போட்டுவிட்டது. நாமோ, 'எப்போ வந்தா என்ன, பில்லு வந்தா கட்டப்போறோம்' என்று உறங்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்த உறக்கத்தின் விலை என்ன என்பதை இன்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விலை ஏன் மாறுகிறது?

நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம். நூலை கோன் கோனாக அடுக்கி வைக்கலாம். கரண்டை அப்படி மலிவாகச் சேமிக்க முடியாது. உற்பத்தியாகும் நேரத்திலேயே பெரும்பகுதியைச் செலவழித்தாக வேண்டும்.

நம் தமிழகத்தில் சூரிய மின்சாரம் பெருகிவிட்டது. உச்சி வெயிலில் குவிகிறது. உடுமலை, தாராபுரம் பக்கம் போனால் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. அவை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் வேகமாகச் சுழல்கின்றன. ஆனால் மாலை ஆறு மணிக்குச் சூரியன் கடையை மூடிவிடுகிறது. அதே ஆறு மணிக்குத்தான் ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு, டி.வி., மோட்டார், கிரைண்டர், ஏசி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குகின்றன. அந்த நேரத்துக் கரண்டை மின்வாரியம் அதிக விலை கொடுத்து வாங்குகிறது.

ஆகவே மாலையில் விலை கூடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் மாலையில் கூட்டுபவன் பகலில் குறைக்க வேண்டுமா, இல்லையா? தராசுக்கு ஒரு தட்டு மட்டும் உண்டா?

கூட்டத் தெரிந்தவர்களுக்குக் குறைக்கத் தெரியவில்லை!

2022 செப்டம்பரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டண ஆணை போட்டது. நம் பனியன் தொழிலின் சிறு யூனிட்டுகள் பலவும் அடங்கும் தாழ்வழுத்த தொழிற்பிரிவில் என்ன நடந்தது? கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்த நிலைக்கட்டணம், 50 கிலோவாட் வரை 75 ரூபாய் ஆனது. அதற்கு மேல் 112 கிலோவாட் வரை 150 ரூபாய் ஆனது. மிஷின் ஓடினாலும் கட்ட வேண்டும், ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும். அதோடு காலையிலும், மாலை 6 முதல் இரவு 10 வரையிலும் உச்ச நேரம் என்று 25 சதவீதம் கூடுதல்! தொழில் முனைவோர் கொதித்தபிறகு 2022 நவம்பரில் குறு, சிறு நிறுவனங்களுக்கு அது 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் பெரிய ஆலைக்கு இரவு நேரத்தில் 5 சதவீதத் தள்ளுபடி உண்டு. பத்து மிஷின் போட்டுப் பிழைக்கும் பவர்டேபிள்காரருக்குப் பகல் வெயிலில் கரண்டு குவிந்து கிடக்கும் நேரத்தில் என்ன தள்ளுபடி? அந்த ஆணையில் ஒன்றுமில்லை!

2023 செப்டம்பர் 25 அன்று தமிழகம் முழுவதும் சிறு, குறு தொழில்கள் கதவடைத்துப் போராடின. உச்ச நேரக் கட்டணத்தை ரத்து செய், நிலைக்கட்டணத்தைக் குறை என்று குரல் எழுந்தது. சரியான குரல்தான். ஆனால் அதில் ஒரு கோரிக்கை இன்னும் உரக்க ஒலித்திருக்க வேண்டும். 'பகல் தள்ளுபடியைக் கொடு!' என்பதே அது.

ஏனென்றால் அதைக் கேட்பதற்குச் சட்டப் பிடி நம் கையில் இருக்கிறது. 2023 ஜூன் 14 அன்று மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளில் திருத்தம் கொண்டுவந்தது. அது என்ன சொல்கிறது? மாநில ஆணையம் குறிக்கும் எட்டு மணி நேர சூரிய நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும். உச்ச நேரத்தில் வணிக, தொழில் இணைப்புகளுக்குக் குறைந்தது 20 சதவீதமும் மற்றவர்களுக்கு 10 சதவீதமும் கூடும். பத்து கிலோவாட்டுக்கு மேல் உள்ள வணிக, தொழில் இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் 1, விவசாயம் தவிர மற்ற எல்லோருக்கும் 2025 ஏப்ரல் 1 என்று கெடுவும் வைத்தது.

கெடு கடந்தும் 2025 ஜூலை கட்டண மாற்றம் வரை தமிழகத்து வீடுகளுக்கு இது வரவில்லை. மணி பார்த்து அளக்கும் ஸ்மார்ட் மீட்டர் இல்லாமல் மணி பார்த்துக் கட்டணம் போட முடியாது. அந்த மீட்டர் வாங்கும் டெண்டரோ 2024 டிசம்பரில் ரத்தானது. பக்கத்து கேரளத்தைப் பாருங்கள். 2025 முதல் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் எரிக்கும் வீடுகளுக்குப் பகலில் 10 சதவீதம் குறைவு, மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதல். பாலக்காட்டுக்கு வந்தது வாளையாறைத் தாண்ட எத்தனை நாள் ஆகும்?

நமக்குக் கிடைத்திருப்பது அவகாசம். விடுமுறை அல்ல!

ஒன்றரை ஷிப்டின் உண்மைக் கணக்கு

திருப்பூரின் கடிகாரம் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு ஆரம்பித்து மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட். ஆர்டர் நெருக்கினால் இரவு ஒன்பது வரை அரை ஷிப்ட். இந்த அரை ஷிப்டில் மூன்று மணி நேரம் நேராக உச்ச நேரத்தில் விழுகிறது. கண்ணை மூடிக்கொண்டு அதிக விலைக்குச் சரக்கு வாங்குவது போன்றது இது.

கணக்குக்காக யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்திய விதிப்படி உச்ச நேரத்தில் அது 9 ரூபாய் 60 காசு. சூரிய நேரத்தில் 6 ரூபாய் 40 காசு. வித்தியாசம் 3 ரூபாய் 20 காசு! இரவில் ஓட்டும் 20 யூனிட் வேலையைப் பகலுக்குள் கொண்டுவந்தால் நாளுக்கு 64 ரூபாய். மாதம் 25 நாளுக்கு 1,600 ரூபாய். வருடத்திற்கு 19,200 ரூபாய்.

'இது ஒரு பெரிய பணமா?' என்று கேட்கும் முதலாளிகளே! 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, பீஸுக்கு ஐந்து காசு, பத்து காசு குறைக்கச் சொல்லி ஜாப் ஒர்க்காரரிடம் பேரம் பேசினீர்களே, அது என்ன பெரிய பணம்? தொழிலாளியின் கூலியில் தேடும் காசை, முதலில் உங்கள் மீட்டரில் தேடுங்கள்!

இன்னொன்றும் கவனியுங்கள். இன்னும் எத்தனை பவர்டேபிளில் பழைய கிளட்ச் மோட்டார் உறுமிக்கொண்டிருக்கிறது? டெய்லர் துணியைத் திருப்பும்போதும், நூல் கோக்கும்போதும், டீ குடிக்கும்போதும் அது ஓடிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் கால் அழுத்தினால் மட்டுமே ஓடும். மணி பார்த்த விலைக்குக் காத்திருக்காமல் இன்றே மிச்சம் பிடிக்கும் வழி இது.

லைன் வீட்டில் நடக்கும் அநியாயம்!

இனி ஒரு கசப்பான விஷயம். கோபம் வந்தாலும் படித்து முடியுங்கள்.

நம்மில் பலர் திருப்பூரில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒரே இ.பி. இணைப்பு. அதிலிருந்து எட்டு வீட்டுக்கு எட்டு சப் மீட்டர். 'யூனிட்டுக்குப் பத்து ரூபாய்' என்று வசூல். யாருடைய பணம் அது? செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வரும் ஒரு தாயின் பணம். ஊரைவிட்டு வந்து ஓவர்லாக் தைக்கும் ஒரு இளைஞனின் பணம்.

கேட்டால், 'எனக்கே மேல் ஸ்லாபில் பில் வருகிறது, நான் என்ன செய்ய?' என்கிறார் வீட்டுக்காரர். அந்த வாதத்தையே கணக்கில் வைத்துப் பார்ப்போம். 2022 செப்டம்பர் விகிதப்படி எட்டு வீடும் இரண்டு மாதத்திற்குத் தலா 150 யூனிட் எரித்தால் மொத்தம் 1,200 யூனிட். ஒரே மீட்டரில் விழும்போது முதல் 100 யூனிட் மட்டுமே இலவசம். பிறகு படிப்படியாக ஏறி, ஆயிரத்துக்கு மேல் யூனிட் 11 ரூபாய். மொத்த பில் 8,750 ரூபாய். வீட்டுக்காரர் வசூலிப்பதோ 12,000!

இதே எட்டு வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால்? ஒவ்வொரு வீட்டுக்கும் 100 யூனிட் இலவசம். மீதி 50 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு வீதம் 112 ரூபாய் 50 காசு. எட்டு வீட்டுக்கும் சேர்த்து 900 ரூபாய்! சப் மீட்டரில் ஒரு குடும்பம் கட்டுவது 1,500 ரூபாய். தனி மீட்டர் இருந்தால் கட்ட வேண்டியது 112 ரூபாய் 50 காசு. கட்டண விகிதங்கள் பிறகு மாறின. கணக்கின் போக்கு மாறவில்லை.

ஏழைக் குடும்பத்துக்கு அரசு கொடுக்கும் 100 யூனிட்டை வாசலில் நின்று தடுப்பவர் யார்? அளவையில் குறை வைப்பவனைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுமா? சப் மீட்டரும் ஒரு தராசுதானே!

நாளை மணிக்கு ஒரு விலை வந்தால் இந்த அநியாயம் இரட்டிப்பாகும். சப் மீட்டருக்குக் கடிகாரம் கிடையாது. குடியிருப்பவர் நண்பகலில் துணி துவைத்து மிச்சம் பிடித்தாலும் அந்தத் தள்ளுபடி வீட்டுக்காரர் பில்லில்தான் விழும். மாலைக் கூடுதலோ எட்டு வீட்டின் தலையில் பிரியும். ஆகவே ஒரு வீட்டுக்குச் செய்ய வேண்டிய முதல் மேம்பாடு புது ஒயரோ புது சுவிட்ச் போர்டோ அல்ல. தனக்கென்று ஒரு மீட்டர்! மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மலிவு நேரத்தைத் தாங்குமா உங்கள் லைன்?

சொந்த மீட்டர் இருப்பவர்கள் இப்போது உங்கள் மெயின் போர்டைப் போய்ப் பாருங்கள்.

தமிழகத்தில் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு 4 கிலோவாட், அதாவது 4,000 வாட் லோடு வரைக்கும்தான். அதற்கு மேல் போனால் த்ரீ ஃபேஸ். வாட்டர் ஹீட்டர் 2,000 வாட், இண்டக்ஷன் அடுப்பு 2,000 வாட். இரண்டிலேயே கணக்கு முடிந்துவிட்டது! ஒரு குதிரைசக்தி மோட்டார் 750 வாட், ஒரு டன் ஏசி சுமார் 1,000 வாட், அயர்ன் பாக்ஸ் 1,000 வாட், வாசலில் சார்ஜ் ஏறும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர், மூலையில் இரண்டு தையல் மிஷின். இவை எங்கே போகும்?

இதுவரை இவை நாள் முழுக்கப் பிரிந்து ஓடின. லைன் தாங்கியது. மலிவு நேரம் என்று ஒன்று வந்துவிட்டால் எல்லாவற்றையும் அந்த எட்டு மணி நேரத்துக்குள் ஓட்டவே எல்லோரும் பார்ப்பார்கள். மோட்டார், துவைக்கும் மிஷின், அயர்னிங், ஸ்கூட்டர் சார்ஜிங், தையல் எல்லாம் ஒன்றாக! முப்பது வருடத்துப் பழைய ஒயர், ஃபியூஸ் கட்டையில் முறுக்கிய செம்புக் கம்பி, உப்பும் தண்ணீரும் காணாத எர்த் குழி. இவை அந்தப் பாரத்தைத் தாங்குமா? தாங்கும் லைன் வைத்திருப்பவனுக்கே மலிவு விலை சலுகை. தாங்காத லைன் வைத்திருப்பவனுக்கு அது தீ!

2023 ஜூனில் காதர்பேட்டையில் வரிசையாகப் பனியன் கடைகள் சாம்பலானதைக் கண்ணால் பார்த்தோம். ஒரு தீ எதனால் பற்றியது என்பது வேறு விஷயம். பஞ்சும் துணியும் நிறைந்த ஊரில் ஒயர் விஷயத்தில் அசட்டையாக இருக்கலாமா என்பதே கேள்வி. கல்யாணத்துக்குத் தெரு முழுக்க சீரியல் லைட் கட்டப் பணம் இருக்கிறது. வீட்டு ஒயரை மாற்றப் பணம் இல்லையாம்!

த்ரீ ஃபேஸ் வாங்கிவிட்டால் மட்டும் போதாது. மூன்று ஃபேஸிலும் லோடைச் சமமாகப் பிரிக்க வேண்டும். ஒரே ஃபேஸில் எல்லாவற்றையும் மாட்டினால் பழைய கதைதான். நியூட்ரல் இறுக்கமாக இருக்க வேண்டும். நியூட்ரல் விட்டுப்போனால் வோல்டேஜ் தாறுமாறாகி வீட்டிலுள்ள பொருளெல்லாம் கருகும். கசிவு வந்தால் நொடியில் நிறுத்தும் ஆர்.சி.டி. கட்டாயம் வேண்டும். லைசென்ஸ் உள்ளவரிடம் வேலையைக் கொடுங்கள். 'நம்ம பையன்தான், பாத்துக்குவான்' என்று உயிரோடு விளையாடாதீர்கள்.

இதில் ஒரு நுணுக்கம். 2022 ஆணையில் வீட்டு இணைப்புகளுக்கு நிலைக்கட்டணம் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே வீட்டுக்கு லோடு கூட்டுவது ஒருமுறைச் செலவு. டெபாசிட், மேம்பாட்டுக் கட்டணம், ஒயரிங். தொழில் இணைப்பில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மாதாமாதம் நிலைக்கட்டணம். வீட்டில் தேவையைவிடக் குறைத்து வாங்குவது தவறு. பட்டறையில் தேவையைவிடக் கூட்டி வாங்குவது தவறு. நம்மவர்கள் இரண்டையும் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்!

வீட்டு இணைப்பில் நாலு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 2003 மின்சாரச் சட்டத்தின் 126 ஆவது பிரிவு, கொடுத்த காரியத்தை விட்டு வேறு காரியத்துக்குக் கரண்டை உபயோகித்தால் இரட்டிப்புக் கட்டணம் போடச் சொல்கிறது. எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் ஓராண்டுக்கும் சேர்த்துப் போடலாம். இன்று வீட்டு மீட்டர் வெறும் மொத்தத்தைச் சொல்கிறது. நாளை வரும் மீட்டர் மணிக்கணக்கில் சாட்சி சொல்லும். உரிய இணைப்பை இப்போதே வாங்கிவிடுங்கள்.

ஏமாறவும் வழி உண்டு!

மணிக்கு ஒரு விலை என்றதும் மயங்கியும் விடக் கூடாது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 'சந்தை விலைக்கே கரண்டு' என்று ஒரு கம்பெனி வீடுகளைப் பிடித்தது. சில காலம் பில் குறைவாகவே வந்தது. 2021 பிப்ரவரியில் கடும் பனி. சந்தை விலை யூனிட் 9 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 650 ரூபாய்க்குப் போனது! ஒரு சில நாளில் ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்து குடும்பங்கள் திகைத்தன. அடுத்த மாதமே அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது.

பாடம் என்ன? நேரமும் விகிதமும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட கட்டணம் வேறு. சந்தையோடு ஆடும் கட்டணம் வேறு. முன்னதைக் கேட்போம். பின்னதை வாசலிலேயே தடுப்போம்.

நம் உரிமைகளையும் தெரிந்துகொள்வோம். ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவதற்கு முந்தைய காலத்துக்கு, அந்த மீட்டர் காட்டும் உச்ச லோடை வைத்து அபராதம் போடக் கூடாது என்று 2023 விதி சொல்கிறது. ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை லோடு மீறினால்தான் அனுமதித்த லோடை உயர்த்தலாம் என்றும் சொல்கிறது. இதை எத்தனை பேர் அறிவோம்? அறியாதவனிடம் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வசூலிக்கலாம்!

என்ன செய்யப் போகிறோம்?

லைன் வீட்டுச் சொந்தக்காரர்களே! ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி இணைப்பு வாங்கிக் கொடுங்கள். அதுவரை, உங்களுக்கு வந்த பில்லைக் காட்டி அதே விகிதத்தில் மட்டும் பிரித்து வாங்குங்கள். ஒரு காசு கூட்டாதீர்கள்.

பட்டறை நடத்துவோரே! ஒரு மாதம், காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரவு வேலை முடியும்போதும் மீட்டரைக் குறித்து வையுங்கள். எந்த நேரத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியாதபோது ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் போய் எதைப் பேசுவீர்கள்? அந்த நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். உச்ச நேரக் கூடுதலோடு பகல் தள்ளுபடியும் சேர்ந்தே வர வேண்டும் என்று கேளுங்கள்.

இளைஞர்களே! ஐ.டி.ஐ. படித்தவர்கள் உங்களில் எத்தனை பேர்! வாரம் ஒரு நாள் மாலை மஹல்லாவில் ஒரு மேசை போடுங்கள். வருபவரின் பில்லைப் படித்துச் சொல்லுங்கள். எந்தப் பிரிவு, எவ்வளவு லோடு, பெயர் மாற்றம் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாத பெரியவருக்கு எழுதிக் கொடுங்கள். ஆபத்தான ஒயர் இருக்கும் வீட்டைப் பட்டியல் போட்டு ஜமாஅத் பெரியவர்களிடம் கொடுங்கள். முடியாத குடும்பத்தின் ஒயரிங் செலவை ஊர் ஏற்கட்டும். கொடி கட்டும் உற்சாகத்தில் பாதி இதற்குப் போதும்!

அரசுக்கும் ஒரு வார்த்தை. மணி பார்த்துக் கூட்டுகிறீர்கள், மணி பார்த்துக் குறையுங்கள்! நூறு யூனிட் சலுகையை அறிவித்தால் போதாது. அது லைன் வீட்டின் கடைசிக் கதவு வரை போய்ச் சேருகிறதா என்று பாருங்கள்!

சகோதரர்களே! சூரியன் யாருக்கும் தனி வெயில் அடிப்பதில்லை. ஓட்டு வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் அதே நண்பகல்தான். அந்த நண்பகலின் விலைக்குறைவு மட்டும் த்ரீ ஃபேஸ் வைத்திருப்பவனுக்கே என்றால், சப் மீட்டருக்குப் பின்னால் வாழும் நம் சகோதரிக்கு அது என்ன நியாயம்?

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் இ.பி. கார்டைத் தேடி எடுங்கள். யார் பேரில் இருக்கிறது, எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். நீங்கள் வீட்டுக்காரர் என்றால், உங்கள் வாடகைக்காரருக்குக் காட்ட ஒரு கார்டு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இல்லையென்றால், நாளைக் காலை முதல் வேலை இ.பி. ஆபீஸ்தான்!